மீட்டர்காரரின் வலிக் கணக்கு

எங்கள் தெருவுக்கு மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்குத் தன் சிறுநீரகக் கல்மேல் அப்படியொரு பெருமை. வந்தது ஒரே ஒரு முறை. மூன்று வருடமாக அளந்துவிடுகிறார். மீட்டருக்கு ஒரு நிமிடம் என்றால் கல்லுக்கு அரைமணி. பாராசிட்டமால் மாத்திரையா, அது குழந்தைப் பிள்ளைகளுக்கு. டைக்ளோஃபினாக் ஊசியா, சும்மா எறும்புக்கடி. தன் வலி மார்ஃபினுக்குத்தான் அடங்கியது, டாக்டரே ஆடிப்போய்விட்டார் என்பார்.

நான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். அன்று அந்த மகராசனுக்கு ஊசி போட்டவளே நான்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு “அம்மா, அம்மா” என்று அழுததெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. நான் போட்டதும் அந்த எறும்புக்கடிதான். கல்வலிக்குப் பெரும்பாலும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். மார்ஃபின் அளவுக்குக் கேட்கும், வாந்தியும் குறைவு. அரைமணியில் ஐயா குறட்டை விட்டார். நோயாளி விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பதால் தெருவில் நான் வாயே திறப்பதில்லை.

போன வாரம் மத்தியானம் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் கல். கட்டில் கம்பியைப் பிடித்தபடி வேர்த்து ஊற்ற நின்றாள், உட்காரக்கூட முடியவில்லை. வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். எங்கள் பிரிவில் நாலு என்றால் மாத்திரை, ஏழைத் தாண்டினால்தான் ஊசி.

“நாலு போட்டுக்கோங்க சிஸ்டர்,” என்றார் இவர். “பத்துன்னா என்னன்னு எனக்குத் தெரியும். இவளுக்கு ஒரு பாராசிட்டமால் போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே நின்று படித்துச் சொல்ல அவள் என்ன மீட்டரா? சீட்டு வாங்கி வரச் சொல்லி அவரை வரிசைக்கு விரட்டிவிட்டுத் திரையை இழுத்தேன். இப்போ நீங்களே சொல்லுங்கக்கா என்றேன். அவள் ஒரு முறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

“பத்துதாம்மா. ரெண்டு பிள்ளை பெத்தப்பகூட இப்படி இல்ல. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா.”

பத்து என்றே எழுதினேன். டாக்டர் வந்து பார்த்து, டைக்ளோஃபினாக் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்து, காலை நீட்டிப் படுத்தாள்.

அவர் சீட்டோடு திரும்பி வந்து, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். இன்றைக்கு விடுவதில்லை என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“மாத்திரைதாங்க. நீங்க சொன்னது சரியாப் போச்சு.”