கோபுரத்திலிருந்து வந்த பதில்

கோட்டையில் பேய் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் ஒதில், "இருக்கு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கு, ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. மோர்வல் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது அந்த அம்மாவின் வேலை. வாசலில் சீட்டு கிழிப்பது என் வேலை. நான் வாயே திறக்காததால், "உன் வாய்க்கும் சாவி என்கிட்டதான் இருக்கோ?" என்று சீண்டுவார்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஈரக் கல்லின் வாடை அவருக்குக் குமட்டுமாம். இப்போது அவர் போடும் மேல்கோட்டிலேயே அந்த வாடை. ரொட்டிக் கடை வரிசையில் அவர் நிற்பது கண்ணை மூடினாலும் தெரிந்துவிடும்.

சாயங்காலம் பூட்டுவதற்கு முன் கோபுரப் படிக்கட்டின் அடியில் நின்று மேலே குரல் கொடுப்பது இங்கே பழைய வழக்கம், உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. முன்பிருந்தவர்கள் "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். ஒதில் "பாஸ்தியான்" என்று கூப்பிடுவார். அவர் மகன் பெயர். கோட்டைக்குக் கீழே ஓடும் ஆற்றில், வெள்ளத்தின்போது படகோடு போனவன். படகு மட்டும் கிடைத்தது. ஊரில் யாரும் இதைப் பற்றி அவரிடம் பேசுவதில்லை. அந்தக் குரல் கேட்கும்போது சதுக்கத்துக் காபிக் கடையில் பேச்சு அடங்கும், அவ்வளவுதான்.

சகல புனிதர் திருநாளில் எல்லோரும் தங்கள் கல்லறையில் சாமந்தித் தொட்டி வைப்பார்கள். அதற்குள் குடும்பக் கல்லறையின் கல்லில் மகன் பெயரையும் வெட்டிவிட வேண்டும், தனக்கு நின்று அழ ஓர் இடம் வேண்டும் என்றார் அவர் கணவர் ரேமோன். கல்தச்சரிடமும் சொல்லிவைத்துவிட்டார். ஒதில் வாரக்கணக்காக மறுத்தார். கடைசியில் என் எதிரிலேயே சொன்னார்:

"குளிர்காலத்துக்குக் கோட்டையை மூடுற அன்னிக்கு இன்னொரு தடவை கூப்பிடறேன். பதில் வரலைன்னா வெட்டிக்கோ."

திருநாளுக்கு முந்தின நாள் மூடினோம். மூடுபனி கோபுரத்தின் மேல்பாதியைத் தின்றிருந்தது. ரேமோன் தொப்பியைக் கையில் கசக்கியபடி வெளிவாசலில் நின்றார். உள்ளே, நான் பக்கத்தில் நிற்க, ஒதில் கூப்பிட்டார்.

"இதோ வர்றேன்" என்றது மேலிருந்து ஓர் ஆண்குரல்.

காலடிகள் சுற்றிச் சுற்றி இறங்கின. ஒதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். இறங்கியவன் தோளில் காமிரா மாட்டிய வெளியூர்க்காரன். நேரம் போனதே தெரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டான். ஒதில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் காலணிகளைப் பார்த்தார். காய்ந்திருந்தன. பின்வாசலைத் திறந்து, ஆற்றங்கரைப் பாதையைக் காட்டி அனுப்பினார்.

நாங்கள் வெளிவாசலுக்கு வந்தோம்.

"பதில் வந்துச்சா?" என்றார் ரேமோன்.

"வந்துச்சு."

ரேமோன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நீ பேசறதே அபூர்வம், பொய்யா பேசப் போறே?"

ஒதில் என்னைப் பார்க்காமல் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு" என்றேன்.

ரேமோன் தொப்பியை மாட்டிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர கல்தச்சர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவர்கள் கல்லறையிலும் சாமந்தி இருந்தது, ரேமோனின் அப்பா அம்மாவுக்காக. ஆனால் அவர் அதன் முன்னால் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் போய், கோபுரத்தை நோக்கிக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.