புகைந்து வந்த தட்டு

சிவகாசிப் பட்டாசு முதலாளி ராஜபாண்டியன், கல்யாண நாளென்று மனைவி அருணாதேவியை விருதுநகரில் புதிதாகத் திறந்த ஏசி ஓட்டலுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அவள் ஆசைப்பட்டுச் சொன்ன சிஸ்லர், காய்ந்த இரும்புத் தட்டில் கோழித்துண்டுகளோடு புகை கக்கிக்கொண்டு சடசடவென்று வெடித்தபடி மேசைக்கு வந்தது. சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், ராஜபாண்டியன் ஜக்குத் தண்ணீரை அப்படியே அதில் கவிழ்த்துவிட்டு, "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறினார். ஒருவரும் ஓடவில்லை, பக்கத்து மேசைக்காரர் நிதானமாகச் செல்போனில் படம் பிடித்தார்.

மிதக்கும் கோழித்துண்டைக் கரண்டியால் தள்ளியபடி அருணாதேவி கேட்டாள்: "இங்கன இம்புட்டு வெரசா ஊத்துறீகளே, நம்ம கம்பெனியில தீயணைக்கிற வாளிக்குள்ள பழந்துணிதானே கெடக்கு?"

"அங்கன உள்ள உக்காந்திருக்கது நாம இல்லையே" என்றார் ராஜபாண்டியன், கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே.