ஜிக்ஜாக்கிலேயே நின்ற மெஷின்

எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஸ்பேனர் மட்டும் கைக்கு ஏறியது. திருகு உள்ளதெல்லாம் எனக்கு அத்துபடி என்று திரிந்த முட்டாள் நான். எண்பத்தஞ்சு வாக்கில் பென்னாகரத்தில் லாரிப் பட்டறை வேலை.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். என் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கு ஏரியூரில் கல்யாணம். முகூர்த்த ரவிக்கை இன்னும் மூட்டாமல் கிடந்தது. அதைத் தைத்து வாங்கிக்கொண்டு அந்தப் பெண் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தையலை மாற்றும் குமிழோ, வளைந்து வளைந்து ஓடும் ஜிக்ஜாக்கிலேயே நின்றுகொண்டு திரும்பவே மாட்டேன் என்றது. அதில் மூட்டினால் மூச்சு விட்டதும் பிரிந்துவிடும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கட்டிங் பிளேயரைப் போட்டு முறுக்கினேன். குமிழின் ஓரம் பொட்டென்று உடைந்தது.

"லாரி நட்டுன்னு நெனச்சீங்களா? கைய எடுங்க மொதல்ல."

"துரு புடிச்சிருக்கு."

"உங்க மூளையிலயா?"

திருகைக் கழற்றிக் குமிழை உருவினாள். உள்ளே தண்டைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகக் காரைபோல் இறுகிக் கிடந்தது. பூஜையன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் தண்ணீராகக் கரைத்து, குமிழுக்குப் பொட்டு வைக்கிறேன் என்று இடுக்கெல்லாம் ஊற்றிய பக்திமான் நான்தான். மறுநாள் துடைக்கவும் இல்லை.

"பொட்டு வச்சீங்களா, செவுத்துக்குப் பூச்சு பூசினீங்களா?"

வாசலில் நின்ற அக்கா, "உடு கண்ணு. எங்க வூட்டுக்காரரு சைக்கிள் செயினுக்கே சந்தனம் வச்சவரு," என்றார்.

மனைவி ஊக்கால் சுரண்டினாள். கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கழுவினாள். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, ஊசியை மேலே தூக்கி, குமிழை மாட்டித் திருப்பினாள். டக்கென்று நேர்த்தையலுக்கு வந்தது. என் வீரத்துக்கு அடையாளமாக உடைந்த ஓரம் மட்டும் பல்லைக் காட்டியது.

ஆனால் மணி ஒண்ணே முக்கால்.

"போயி பஸ்ஸ நிறுத்துங்க. அதுக்காவது ஒதவுங்க."

ஓடினேன். டிரைவர் பழக்கமானவர். பானெட் பக்கம் ஸ்பேனரோடு போய், "சத்தம் சரியில்லீங்களே, ஒரு நிமிஷம் பாத்துடட்டுங்களா?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. போன மாதம் நான் கை வைத்த அவர் வண்டி மூன்று நாள் பட்டறையில் படுத்திருந்தது.

"ஐயா சாமி, தொடாத. ஒனக்கு என்னா வேணும்?"

"பத்து நிமிஷம் நிக்கோணும்."

"இருவது கூட நிக்கிறன். அந்த ஸ்பேனரக் கீழ போடு."

பெண் பேப்பரில் சுற்றிய ரவிக்கையோடு ஓடிவந்து ஏறினாள். பின்னால் மூச்சிரைக்க ஏறிய அக்கா ஜன்னல் வழியாக, "ஒம் பொண்டாட்டி கெட்டிக்காரி கண்ணு," என்றார். என்னைப் பற்றி ஏதாவது சொல்வாரோ என்று நின்றேன். பஸ் கிளம்பிவிட்டது.