அண்ணன் ஜெயித்த ஆட்டங்கள்

என் அண்ணனை நான் ஏமாற்றினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... ஏழு மாதம்! அதனால் ஒரு பத்து வயதுச் சிறுமியின் கை முறிந்தது. இதைப் படிக்கும் நீங்கள் என்னை எப்படித் திட்டினாலும் தகும்.

குணா அண்ணன் எங்கள் ஊரான பெம்பானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். போன வருடம் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் ஒரு நொடி பிந்தியே சொன்னபடி கேட்டது. விரல்களுக்குப் பயிற்சியாக வீடியோ கேம் ஆடலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். என்னிடம் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் இருந்தது. இருவர் சேர்ந்து கட்டடத்துக்குள் நுழைந்து, ஒளிந்திருக்கும் எதிரிகளை வீழ்த்த வேண்டும்.

"ஹார்ட்ல போடு லா. சின்னப் புள்ளைங்க ஆட்டம்லாம் வேணாம்," என்று கடினமான நிலையைக் கேட்டார் அண்ணன். கனமான கவசமும் வேண்டாமாம், மெல்லியது போதுமாம். அன்று பதினோரு முறை செத்தார். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்... என் அண்ணன்! அப்பாவின் சாவில்கூட அழாதவர்.

மறு ஞாயிறு, அவர் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் 'ஈஸி'க்கு மாற்றினேன். எதிரிகள் மெதுவாகத் திரும்புவார்கள். துப்பாக்கி தானாகவே குறியை நோக்கி நகரும். அவருடைய ஆளுக்குக் கனமான கவசத்தையும் மாட்டிவிட்டேன். ஆட்டம் தொடங்கிவிட்டால் இவை எதுவும் திரையில் தெரியாது. அண்ணன் ஜெயித்தார்! அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, நல்ல தம்பி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதையே செய்தேன்.

ஒரு ஞாயிறு வேன் சாவியோடு வந்தார். கிளினிக் பயிற்சியை விட்டுவிட்டாராம், மறுநாள் முதல் மீண்டும் வேன் ஓட்டப்போகிறாராம். டாக்டரைக் கேட்டீர்களா என்றேன்.

"ஹார்ட்லயே ஒருத்தனையும் தப்ப விடல. இந்தக் கைக்கு இன்னும் என்னா டெஸ்ட்டுடா வேணும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரே ஒரு வாக்கியம்தான். "பாத்து ஓட்டுங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் என் யோக்கியதை!

மூன்றாம் வாரம், முச்சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. அண்ணன் ஸ்டீயரிங்கை ஒடிப்பதற்குள் கை பிந்திவிட்டது. வேன் கால்வாயில் இறங்கியது. மற்ற பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பத்து வயதுக் கவிதாவுக்கு மட்டும் வலது கை முறிந்தது. அதுவும் வலது கை! ஊரே மோட்டார்க்காரனைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன்.

அன்று மாலை அண்ணன் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, ஹார்ட்ல போடு. கை சரியா இருக்கான்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நாளைக்கே சாவியக் குடுத்துடுறேன்."

அவர் கால் கழுவப் போன நேரத்தில் என் விரல் 'ஹார்ட்' மேல் நின்றது. அதை அழுத்தினால் அவர் தோற்பார்... ஏழு மாதம் நான் செய்ததும் வெளியே வந்துவிடும்! விரல் கீழே இறங்கி 'ஈஸி'யை அழுத்தியது.

அண்ணன் ஜெயித்தார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வேன் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. இன்று காலையும் என் வாசலைத் தாண்டிப் போயிற்று. கவிதா மாவுக்கட்டுக் கையோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இடது கையை ஆட்டினாள்... நானும் ஆட்டினேன்.