முள்ளங்கிப் பாத்தியில் மச்சானின் கால்

அந்தத் தெருத் தையல்காரருக்குத் துணியில் ஒரு விரல் அகலம் மிஞ்சினாலும் குப்பையில் போட மனசு வராது. ஒரு நாள் உதவும் என்று பையில் திணித்துவைப்பார். அப்படிப்பட்ட மனுஷர் இலையுதிர் காலத்தில் தோட்டம் போட்டால் எப்படி இருக்கும்? முள்ளங்கி விதை மொத்தத்தையும் ஒரே பாத்தியில் கொட்டினார். முளைத்தது பாருங்கள், எள் விழ இடமில்லை!

"மூணுல ரெண்டைப் பிடுங்கிப் போடுங்க, அப்பத்தான் கிழங்கு பிடிக்கும்" என்று விதைக்கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"உசிரோட நிக்கிறதை எப்படிய்யா பிடுங்கறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் தையல்காரர்.

வீட்டில் வேறு தலைவலி. பாத்தி இருந்த அதே கொல்லைப்புறத்தில் தன் காரை நிறுத்த மச்சான் அடிபோட்டுக்கொண்டிருந்தான். தையல்காரர் மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். "பனி கொட்டறதுக்குள்ள ஒரு முள்ளங்கியாவது என் சட்டியில விழணும். இல்லேன்னா இடம் தம்பிக்கு" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நாளெல்லாம் மிஷினை மிதித்துவிட்டு வருகிற தையல்காரருக்கு, நிம்மதியாக உட்கார உலகத்திலேயே அந்த ஒரு துண்டு மண்தான் இருந்தது.

மச்சான் சும்மா இருப்பானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நுழையுமா என்று பார்க்க, பூட்ஸ் காலோடு பாத்தி ஓரத்தில் மேலும் கீழும் நடந்தான். பாதிச் செடி சேற்றோடு சேறாகிவிட்டது.

"அட பாவி! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று தையல்காரர் குதித்தார்.

"புல்லுன்னு நினைச்சேன் அத்தான்" என்றான் அந்த அப்பாவி.

பனி தொடங்குவதற்கு முந்தின நாள், அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டு நிற்க, தையல்காரர் பாத்தியின் நடுவில் ஒன்றைப் பிடுங்கினார். எலிவால். இன்னொன்று, அதுவும் எலிவால். மச்சான் கார்ச் சாவியைச் சுழற்ற ஆரம்பித்தான். தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பிடுங்கிக்கொண்டே ஓரத்துக்கு வந்தார். அங்கே மிதிபட்டுப் பிழைத்த செடிகள் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நின்றன. ஒன்றை இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வெள்ளைவெளேரென்று, முழங்கை நீளத்துக்கு வந்தது முள்ளங்கி!

மனைவி மண்ணைத் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். "சரி, இடம் உங்களுக்கே. ஆனா வளர்த்துவிட்டது என் தம்பி."

மச்சான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். குளிர் தாங்கும் என்று விதைத்திருந்த வெங்காயப் பாத்தியைத் தையல்காரர் பார்த்தார். அதிலும் நாற்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மானம் ஒரு பக்கம் இழுத்தது, வெங்காயம் ஒரு பக்கம் இழுத்தது.

"மச்சான், நில்லுப்பா" என்றார். "போறதுதான் போறே, இந்தப் பக்கமாக் கொஞ்சம் நடந்துட்டுப் போ."