என் மகன்தானா என்று கேட்ட ஒரு வருடம்

ஓராண்டு கழிந்தும் மறவாமல் எங்கள் வாசலுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அட்டையில் என் மகனின் பெயரும் படமும் இருக்கின்றன. உள்ளே நான் அவனை மகன் என்றே எழுதுகிறேன். மலர் அச்சிடும் பொறுப்பை ஏற்ற பெரியவர்கள், ‘அவர்’ என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் அப்படியே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. ‘எதிரிகளோடு போரிட்டு மடிந்த வீரர்’ என்று முதல் பக்கத்தில் போடலாம் என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பெரியவர்கள் மனம் கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவன் எப்படி இறந்தான் என்று அறிய நான் அலைந்த அலைச்சலுக்குப் பிறகு, அதில் ஒரு சொல்கூட மாற்றிப் போட எனக்குச் சம்மதமில்லை.

நயினார்கோவிலுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், ஓர் ஐப்பசி அடைமழையில் அவன் பிறந்தான். ரோடு முங்கிக் கிடந்ததால் மாட்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும் வழியிலேயே பிறந்துவிட்டான். அவனுக்குப் பின் ஒரு மகள். மகன் எட்டாவது படிக்கும்போது அவன் அய்யா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார்கள். இருந்த கரிசல் காட்டில் மிளகாய் போட்டோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை கிடைத்தது. என் தம்பி, அதாவது பிள்ளைகளின் தாய்மாமன், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு எங்களுக்கு ஓர் ஆணின் துணையாக நின்றான்.

மகன் பேச்சில் சிக்கனக்காரன். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுப்பான், அவ்வளவுதான். பன்னிரண்டாவது முடித்ததும் ராமநாதபுரத்தில் இராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது என்னிடம் சொல்லாமல் மாமனைக் கூட்டிக்கொண்டு போனான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தானாம். வீட்டுக்கு வந்து, “எடுத்துட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

சுனாமி வந்ததற்கு மறு வருடம் கடைசியாக விடுமுறைக்கு வந்தான். பெண் பார்க்கப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவன் கொல்லையில் குழி வெட்டி, தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கக்கூஸ் கட்டினான். அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அது கிடையாது. “மிலிட்டரிக்காரன் லீவுல வந்து கட்டுற கட்டடத்தப் பாருங்கடா” என்று போகிறவர் வருகிறவர் சிரித்தார்கள்.

“நான்தான் அங்கன மலையில எங்கிட்டு ஒதுங்குறதுன்னு தெரியாம நிக்கிறேன். என் தங்கச்சியாவது இங்கன மானமா இருக்கட்டும்ணே” என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சாந்து பூசினான். அடுத்த மாதமே அவனைப் பார்த்து இரண்டு வீட்டில் கட்டினார்கள்.

அந்த விடுமுறை முடிந்து போனவன்தான்.

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. என் தம்பி வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. “அக்கா, அடுப்ப அமத்து” என்றான். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்களே என்றேன். மறுபடியும் அதையே சொன்னான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு வந்த சேதி எதையும் நான் நம்பவில்லை. கைப்பேசியில் வந்த செய்தி வெடி விபத்து என்றது. வீட்டுக்கு வந்த அதிகாரி, பணியில் இருக்கும்போது என்றார். எந்தப் பணி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாள் தெருமுனையில் ஒட்டிய சுவரொட்டி, துப்பாக்கிச் சண்டை என்றது. ஒரு சாவுக்கு எத்தனை காரணம்?

மதுரை விமான நிலையத்துக்கு என் தம்பி போய்ப் பெட்டியோடு வந்தான். கொடி போர்த்திய பெட்டி. கூட இரண்டு இராணுவத்தார். ஒருவர் வடக்கத்தி மூத்தவர். இன்னொருவர் மகனோடு வேலை பார்த்த பாம்பன்காரத் தம்பி. வண்டியிலிருந்து நான்கு பேர் பெட்டியை இறக்கினார்கள். என் மகன் ஆறடி ஆள். அந்தப் பெட்டியோ அவர்கள் கையில் பாரமே இல்லாமல் இறங்கியது. அதை நான் பார்த்தேன். பார்த்தது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

திறந்து காட்டச் சொன்னேன். விதி இல்லை என்றார்கள். பாம்பன்காரத் தம்பிதான் தரையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னது. என் மகள் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பெட்டியின் மேல் விழுந்து அழுத என்னை என் தம்பி தூக்கி நிறுத்தினான்.

“நம்ம பிள்ளதான்க்கா. விடு.”

“நீ பாத்தியா?”

“இல்ல. அவுகதான் தொறக்க விடலயே.”

“பாக்காம எப்படிடா சொல்ற?”

மரியாதைக்குக் குண்டு முழக்கினார்கள், தீ வைத்தார்கள். யாரோ பெற்ற பிள்ளையை என் ஊர்ச் சுடுகாட்டில் எரிக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். கருமாதி செய்யக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். படத்துக்கு மாலை போட விடவில்லை. சாம்பலை என் தம்பி மட்டும் எடுத்துப்போய்ச் சேதுக்கரையில் கரைத்துவிட்டு வந்தான். என்னிடம் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகப் பட்டது. ஏன் இவ்வளவு அவசரம்?

உத்தரகோசமங்கைக்குப் போன இடத்தில் குறி சொல்கிற ஒருத்தி, “ஒம்பிள்ள எல்லைக்கு அங்கிட்டுப் பிடிபட்டுக் கெடக்கான், உசுரு இருக்கு” என்றாள். நம்பினேன். தினமும் அவனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டேன். இதற்கிடையில் ரேஷன் கடையில் இரண்டு பேர் பேசியது என் காதில் விழுந்தது.

“தன்னத்தானே சுட்டுக்கிட்டானாம்ல. அதான் பெட்டியத் தொறக்கல.”

பேசியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் மாரடித்து அழுதவர்கள்தான். அன்று முதல் என் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் முகத்தையும், இவர் என்ன நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றே பார்த்தேன். ஆறுதல் சொன்னவர்களிடம், எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லாரையும்விட என் தம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். அவன் என் முன்னால் நிற்கவே தயங்கினான். மகன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல், “என் பிள்ள உசுரோட திரும்பி வந்தா அவன் மூஞ்சியில எப்படிடா முழிப்ப?” என்று கேட்டேன். “வர மாட்டான்க்கா” என்றான். இனி என் படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனான். அதன் பிறகு என் காட்டு மிளகாயைப் பறித்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவானே தவிர உள்ளே வரவில்லை.

பாம்பன்காரத் தம்பி விடுமுறையில் வந்திருப்பதாக மகள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மறுநாள் காலை பஸ் ஏறினேன். பாலம் தாண்டி இறங்கி விசாரித்துக்கொண்டு போனால், வீட்டு முன் அந்தத் தம்பியின் அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்கிட்டு இருந்து வாரீக?”

நயினார்கோவில் பக்கம் என்றேன். அந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“அவன் கடலுக்குப் போயிட்டான்மா. எப்ப வருவான்னு சொல்ல முடியாது.”

உள்ளே கொடியில் இராணுவப் பனியன் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. “வரட்டும். நான் இருக்கேன்” என்று பனைமர நிழலில் உட்கார்ந்தேன். காக்கா விரட்டும் சாக்கில் அவர்கள் என்னை நோட்டம் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். வெயில் ஏறியபோது ஒரு செம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, “எம்மகன எதுவும் சொல்லிறாதீக. வந்ததுல இருந்து சரியாத் திங்கல, தூங்கல” என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி வீட்டுக்குள்ளிருந்தே வெளியே வந்தது.

“கேளுங்கம்மா. எது கேட்டாலும் சொல்றேன்.”

“பெட்டிக்குள்ள இருந்தது யாரு?”

“உங்க மகன்தாம்மா.”

“பின்ன ஏன் கனமில்ல?”

அந்தத் தம்பி தன் அம்மாவை உள்ளே போகச் சொன்னது. அந்த அம்மா போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அந்தத் தம்பி நடந்ததைச் சொன்னது. காலையில் எல்லையோர மலையில் காவல் சுற்றப் போயிருக்கிறார்கள். முன்னால் என் மகன். சரிவில் கண்ணிவெடி மேல் கால் பட்டுவிட்டது.

“இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லம்மா” என்றது.

“யாரு வச்ச வெடி?”

“தெரியாதும்மா. எப்பவோ பொதச்சது, மழையில, பனியில எடம் மாறி வந்துரும். அன்னைக்கு அங்க எதிரி யாரும் இல்ல. சண்டையும் இல்ல.”

உயிர் உடனே போகவில்லையாம். தூளியில் போட்டு மலையிறக்கியிருக்கிறார்கள். பாதி வழி வரை பேசியிருக்கிறான். நான் அத்தனை நாளும் உள்ளே வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

“என்னையக் கேட்டானா?”

“இல்லம்மா. தண்ணிதான் கேட்டான். திரும்பத் திரும்பத் தண்ணிதான் கேட்டான். குடுத்தோம்” என்றது.

அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். அம்மா என்று கூப்பிட்டான், உங்களைத்தான் நினைத்தான் என்று சொல்லியிருந்தால், என்னைச் சமாதானப்படுத்த இதுவும் ஒரு பொய் என்று எழுந்து வந்திருப்பேன். என் மகன் செத்துவிட்டான் என்று அன்று பாம்பனில் உட்கார்ந்துதான் அழுதேன். அந்த அம்மாவும் என்னோடு அழுதார்கள்.

கிளம்பும்போது அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னது. மதுரையில் பெட்டியைத் திறந்தார்களாம். என் தம்பி அந்த வடக்கத்தி மூத்தவரின் காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறான். திறந்து பார்த்துவிட்டு, தானே துணியைச் சரிசெய்து மூடச் சொல்லியிருக்கிறான். அக்கா கேட்டால் விதி இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதும் அவன்தானாம்.

“முகம் எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“நல்லா இருந்துச்சும்மா. ஒரு கீறல் இல்ல.”

ஊர் வந்து இறங்கியதும் நேராகக் காட்டுக்குப் போனேன். என் தம்பி மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“மூஞ்சி நல்லாத்தானடா இருந்துச்சு! கடைசியா ஒரு தடவ பாத்திருப்பேன்ல? அதக்கூட ஏன்டா குடுக்கல?”

எங்கே போய் வந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“மூஞ்சியோட விட்டிருப்பியாக்கா நீ? துணிய விலக்கியிருப்ப. அள்ளி மடியில போட்டிருப்ப.”

அப்படித்தான் செய்திருப்பேன்.

“நான் பாத்துட்டு நித்தம் சாகுறேன். ரெண்டு பேரு எதுக்குச் சாகணும்னுதான்...” என்றவன் முடிக்காமல் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான். எங்கள் அய்யா செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவன் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மகன் முகத்தைப் பார்க்காத குறை நான் போகும் வரை இருக்கும். ஆனால் அன்று தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன்.

இந்த முதலாண்டுத் திதிதான் நானாகச் சம்மதித்து மகனுக்குச் செய்யும் முதல் காரியம். பாம்பனிலிருந்து அந்தத் தாயும் மகனும் வருகிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. மகனை மலையிலிருந்து தூக்கிவந்த, பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும், நான் வேலைக்குப் போகாத நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட உடன் வேலை பார்ப்பவர்களுக்கும், நான் சுடுசொல் சொல்லியும் மறுபடி வந்த உறவுகளுக்கும் நன்றி. என்னிடம் பொய் சொன்ன என் தம்பிக்கும் நன்றி.

ரேஷன் கடையில் பேசிய இருவரும் இன்று பந்தியில் இருப்பார்கள். அவர்களும் வந்ததற்கு நன்றி. என் மகன் தன்னைச் சுட்டுக்கொள்ளவில்லை. யாரையும் சுடவும் இல்லை. நடக்கச் சொன்ன இடத்தில் முன்னால் நடந்து போனான், தண்ணீர் கேட்டான், இறந்தான். இனி யாரும் கேட்டால் இப்படியே சொல்லுங்கள்.