பத்தாவது காப்புறுதி

என் அக்கா கணக்கில் புலி. ஆனால் வாய்ச்சாமர்த்தியம் என்பது மருந்துக்கும் கிடையாது. சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் நாட்டில் சண்டை முடிந்த கையோடு புளியந்தீவில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கந்தோரில் வேலை கிடைத்தது. உயர்தரத்தில் கணக்கியல் படித்திருக்க வேண்டும், வீடு வீடாகப் போய்ப் பேசி ஆயுள் காப்புறுதி விற்கவும் வேண்டும். மூன்று மாதத்தில் பத்துப் பேரைச் சேர்த்தால் வேலை நிரந்தரம்.

எனக்கு அப்போது பத்து வயது. மாலையில் நான் வாடிக்கையாளராக உட்கார, அக்கா பேசிப் பழகுவாள். 'சாவு' என்ற சொல்லை எடுக்கக் கூடாது, 'ஏதும் நடந்தால்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று கந்தோரில் படிப்பித்திருந்தார்கள். எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. "இனி என்னகா நடக்கக் கிடக்கு?" என்று கேட்டார்கள். எங்கள் அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அண்ணனை இயக்கத்துக்காரர் சண்டைக்குப் பிடித்துப் போனார்கள். சண்டை முடிந்தும் அவன் வரவில்லை. மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

படாதபாடு பட்டு அக்கா ஒன்பது பேரைச் சேர்த்தாள். மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், இடியப்பம் அவித்து விற்கும் அம்மா பத்தாவது ஆளாகச் சேர்ந்தாள். தனக்குப் பிறகு பணம் அண்ணனுக்கு என்று எழுதச் சொன்னாள்.

"வீடு பொம்புளப் புள்ளையள் உங்களுக்கு. அவனுக்கு என்ன கிடக்கு?"

எங்கள் பக்கத்தில் வீடு மகள்மாருக்குத்தான் சீதனமாகப் போகும். அம்மா சொன்னது நியாயம்தான்.

கந்தோர் அண்ணனின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது. அட்டை அவனோடேயே போய்விட்டிருந்தது. அக்கா இன்னொரு படிவத்தில் என் பெயரை எழுதி, முந்தினதில் பிழை வந்துவிட்டது என்று சொல்லி, கையெழுத்து மட்டும் வைக்கத் தெரிந்த அம்மாவிடம் ஒப்பம் வாங்கினாள். வேலை நிரந்தரமானது.

அவள் எழுதும்போது எட்டிப் பார்த்த எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரம் பொறுத்திருந்தேன். பிறகு மாக் குழைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "காசு அண்ணனுக்கில்லம்மா, எனக்குத்தான்" என்றேன்.

அம்மா மாவை அப்படியே விட்டு எழுந்தாள். கையைக் கழுவி, சேலை மாற்றி, பஸ் ஏறினாள். மனேஜருக்கு முன்னால் நின்று, "என்ட மகன் உசிரோட இருக்கான். அவன்ட பேரை எழுதுங்க" என்றாளாம். பெயரை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்துப் போனாள். பொய் சொல்லி ஒப்பம் வாங்கியதற்காக அக்காவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள்.

அடி விழும் என்று நான் கிணற்றடியில் ஒளிந்திருந்தேன். விழவில்லை. அக்கா நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்று அழுதாள். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. அடுத்த வருடம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்வரை அக்கா வேறெந்த வேலைக்கும் எழுதிப் போடவில்லை.

அன்று எனக்கு அடி தப்பிய சந்தோசம். வேலை போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அண்ணன் இனி வரமாட்டான் என்று எங்கள் வீட்டில் முதலில் எழுதிக் கொடுத்தது அவள் கைதான் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது.